அணைக்குள் புதைந்த கருவியும் வெப்பநிலைத் திருத்தமும்

பெரிய அணை ஒவ்வொன்றிலும் குறைந்த அளவு அளவிடு கருவிகளேனும் இருத்தல் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. கருவி இருந்தால் மட்டும் போதாது. அது காட்டும் எண்ணில் சுமையின் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயல வேண்டும். கான்கிரீட்டினுள் புதைந்த கருவியை வெளியே எடுத்துச் சோதிக்க வழியில்லை. ஆகவே இப்பணியின் பெரும்பகுதி கான்கிரீட் இடுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

அணைகளில் பெரிதும் பயன்படுவது அதிர்கம்பித் திரிபுமானி. மூடிய குழாயினுள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியை ஒரு மின்காந்தச் சுருள் மீட்டி, அதிர்வெண்ணை அறிகிறது. தந்தி இறுகினால் வீணையின் சுருதி ஏறுவதைப் போல, கான்கிரீட் நீண்டால் அதிர்வெண் உயரும், குறுகினால் தாழும்.

தொல்லை வெப்பத்தால் வருகிறது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறும்போது எஃகின் நீளம் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு மாறுகிறது. கான்கிரீட்டின் நீளமோ சுமார் 10 பங்கு. சிமெண்டு இறுகும்போது எழும் வெப்பத்தால் அணையின் உட்பகுதி 20 பாகைக்கு மேலும் சூடேறுவதுண்டு. பின்னர் 20 பாகை குளிர்ந்ததும், எவ்விதச் சுமையும் தாங்காத கான்கிரீட்டில்கூட 40 பங்கு இழுவை இருப்பதாகக் கருவி காட்டும். சுமார் 100 பங்கு இழுவையிலேயே கான்கிரீட் வெடிக்கக்கூடும் என்பதால், இது புறக்கணிக்கத்தக்க பிழையன்று. வெப்பநிலை ஏறும்போது பிழை எதிர்த்திசையில் அமைந்து, உண்மையான இழுவையையே மறைத்துவிடும்.

இதற்காகவே திரிபுமானியுடன் ஒரு தெர்மிஸ்டரும் பொருத்தப்படுகிறது. 25 பாகையில் 3,000 ஓம் மின்தடையுள்ள தெர்மிஸ்டர், 0 பாகையில் ஏறத்தாழ 9,800 ஓம் காட்டும். மாற்றம் நேர்கோட்டில் அமையாததால் பனிக்கட்டி நீரில் தொடங்கிப் பல வெப்பநிலைகளில் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அளவு நிலைபெறும்வரை காத்திருத்தல் அவசியம். அவசரம் காட்டப்படுவது பெரும்பாலும் இங்கேதான். திரிபுமானியையும் எதனுடனும் பிணைக்காமல் அதே நீரில் மூழ்கச் செய்தால், குழாயும் கம்பியும் ஒத்து நீள்கின்றனவா என்பது புலப்படும்.

ஆனால் கான்கிரீட்டின் 10 பங்கு என்பது நிலையான எண் அன்று. குவார்ட்சைட் ஜல்லியானால் கூடும். சுண்ணாம்புக்கல் ஜல்லியானால் குறையும். எனவே அதே கான்கிரீட்டை ஒரு கலத்தில் நிரப்பி, சுமை எட்டாதவாறு காத்து, அதனுள் இரண்டாவது திரிபுமானியை வைக்கின்றனர். முதல் கருவியின் அளவிலிருந்து இதன் அளவைக் கழித்தால், எஞ்சுவது தகைவால் விளைந்த திரிபு.

கேரளத்தின் இடுக்கி போன்ற வளைவு அணைகளில் இம்முறையின் அருமை தெளிவாகும். இருபுறமும் பாறை தடுத்து நிற்பதால், அங்குப் பருவ வெப்பமே உண்மையான தகைவை உண்டாக்குகிறது. வெப்பத்தின் விளைவு முழுவதையும் பிழையென்று கருதி நீக்கினால் அத்தகைவும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இரண்டாவது கருவி தடையின்றி நீளும் பகுதியை மட்டுமே கழிக்கிறது.

கருவியின் எண், திருத்தக் கெழுக்கள், கான்கிரீட் இறுகிய பின் எடுத்த முதல் அதிர்வெண், அவ்வேளை வெப்பநிலை ஆகியவை அடங்கிய தாள் அணை உள்ளளவும் தேவைப்படும். அதன் ஒரு படி அணையிலும் மற்றொன்று தலைமை அலுவலகத்திலும் இருத்தல் நன்று.