பாட்டியின் புடவை அரும்பொருளகத்துக்குப் போனால் முதல் மாதம் என்ன நடக்கும்?

ஜூரோங் போர்ட் ரோட்டில் கண்ணில் படுபவை பெரும்பாலும் கொள்கலன் லாரிகளும் கிடங்குகளும்தான். அவற்றுக்கு நடுவே இன்னொரு வகைக் கிடங்கும் உண்டு. தேசிய மரபுடைமைக் கழகத்தின் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கி வருகிறது. சிங்கப்பூரின் தேசியத் தொகுப்பில் 250,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அரும்பொருளகங்களின் கண்ணாடிப் பேழைகளில் மக்கள் பார்ப்பது அதில் சிறு பகுதிதான். மற்றவை இதுபோன்ற கதவுகளுக்குப் பின்னால் குளிரூட்டப்பட்ட அறைகளில் காத்திருக்கின்றன.

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடும்பமாகச் செல்வோர், ஏறத்தாழ 5,000 நுண்சிற்பங்கள் கொண்ட செட்டிநாட்டு மர நிலைவாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த வாசலைக் கடந்து உள்ளே போனால் நகை, ஆடை, புகைப்படம், ஆவணம் என்று பல பொருள்கள். பார்த்துவிட்டு வெளியே வரும்போது “இதுபோல நம் வீட்டிலும் ஒன்று இருந்ததே” என்று யாராவது ஒருவர் சொல்வார். அப்படி வீட்டில் இருக்கும் ஒரு பொருள் அரும்பொருளகத்துக்குப் போனால் என்ன ஆகும்?

பாட்டியின் கல்யாணப் புடவையையே எடுத்துக்கொள்வோம். அரும்பொருளகத்தார் முதலில் பார்ப்பது அதன் விலையை அல்ல, கதையை. யார் உடுத்தியது, எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டு திருமணம், மணமகன் என்ன வேலை பார்த்தார் என்று கேள்விகள் வரும். பதில் இல்லாத காஞ்சிபுரப் பட்டைவிட, பதில் உள்ள சாதாரணப் பருத்திச் சேலைக்கு அங்கு மதிப்பு அதிகமாக இருக்கலாம்.

ஏற்றுக்கொண்ட பிறகும் புடவை நேராகத் தொகுப்புக்குள் போய்விடாது. பாலர் பள்ளி வாசலில் பிள்ளையின் கையையும் வாயையும் பார்த்துவிட்டு உள்ளே விடுவதுபோல, புதிதாக வந்த பொருளை முதலில் தனியே வைத்துப் பூச்சி, பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு புடவையில் ஒளிந்திருக்கும் அந்துப்பூச்சி முட்டை ஓர் அறை முழுவதும் உள்ள துணிகளைக் கெடுத்துவிடும். அதனால் உலகெங்கும் அரும்பொருளகங்கள் கையாளும் பொதுவான முறை, துணியைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த குளிரில் ஒன்று முதல் இரண்டு வாரம் வைப்பது. வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கமாட்டார்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விடுவார்கள். அவசரப்பட்டால் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த துணியின்மேல் நீராகப் படிந்துவிடும். குளிர் ஒத்துக்கொள்ளாத பொருள்களுக்கு வேறு வழி உண்டு. உறைக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்பி, உயிர்வாயுவை விலக்கிச் சில வாரங்கள் வைத்தால் பூச்சிகள் மடிந்துவிடும்.

பிறகு எழுத்து வேலை. நீள அகலம், கிழிசல், சரிகையின் நிலை, ஒவ்வொரு கறையும் எங்கே இருக்கிறது என்பது உட்பட எல்லாம் பதிவாகும். புடவைக்கென ஒரு எண் வரும். அதைத் துணியில் எழுதாமல், சிறு பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல் போட்டுச் சேர்ப்பார்கள். மடித்து வைத்தால் மடிப்பில் சரிகை ஒடியும் என்பதால் அகலமான குழாயில் சுற்றி வைப்பார்கள். இதற்குள் ஒரு மாதம் எளிதாகப் போய்விடும்.

கறை என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் முந்தானை ஓரத்து மஞ்சள் கறையை அரும்பொருளகம் அவசரப்பட்டு வெளுக்காது. திருமணச் சடங்கில் பட்டதாக இருந்தால், அதுவே அந்தப் புடவைக்குச் சான்று. பித்தளை விளக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்க்கும்போது உலோகத்தின் மேல்படலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தினமும் பூசையில் எரியும் விளக்கைத் தேய்ப்பதில் தவறில்லை. விளக்கின் வேலை எரிவதுதானே! நினைவுக்காக எடுத்து வைத்திருக்கும் தாத்தா காலத்து விளக்கைப் பளபளப்பாக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பட்டுப் புடவையும் குத்துவிளக்கும் தலைமுறை தாண்டி வருகின்றன. துறைமுகத் தொழிலாளி போட்ட சட்டையும் ரப்பர்த் தோட்டத்தில் பால் சேகரித்த வாளியும் வருவதில்லை. ஏழை வீட்டில் பொருள் தேயும்வரை உழைக்கும். கிழிந்த வேட்டி தொட்டில் துணியாகும், பிறகு கரித்துணியாகும். ஆகவே உழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் பொருள்கள்தாம் தொகுப்புகளில் அரிதாகின்றன.

இந்தக் கவலை தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. சுவீடனில் ஆர்ட்டர் ஹேசேலியஸ் என்பவர் 1872ல் கிராமப்புறங்களில் பயணம் செய்தபோது, தொழிற்சாலைக் காலம் வந்ததும் குடியானவர்களின் உடையும் கருவிகளும் மறைவதைக் கண்டார். சேகரிக்கத் தொடங்கியவர், 1891ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அரும்பொருளகத்தையே அமைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார்கள். பழங்கால உடையணிந்த ஊழியர்கள் அங்கு இன்றும் ரொட்டி சுடுவதைப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் அதே வழியில் வந்ததுதான். நெசவாளர் வீடும் குயவர் வீடும் அங்கே உண்டு.

தோட்டத்து உறவு உள்ள வாசகர்கள் இலங்கையில் கம்பளைக்கு அருகே, பழைய பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகத்தைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 2007ல் திறக்கப்பட்ட அதற்குப் புதுக் கட்டடம் எழுப்பவில்லை. தொழிலாளர் வாழ்ந்த லயத்து அறைகளே அரும்பொருளகம். ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, படுத்த இடம் எவ்வளவு சிறியது என்பதை எந்த விளக்கப் பலகையும் அந்த அறையைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஜூரோங்குக்கும் அப்படியொரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை எழுப்பப்பட்டது. தேசிய இரும்பு எஃகு ஆலை 1963ல் உற்பத்தியைத் தொடங்கியது. கப்பல் பட்டறைகளும் வந்தன. ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்களின் தலைக்கவசம், பெயர் அட்டை, சம்பளச் சீட்டு, சாப்பாட்டு டிபன் கேரியர் எல்லாம் இன்னும் எத்தனையோ வீவக வீடுகளின் ஸ்டோர் அறையில் கிடக்கக்கூடும். வீடு மாறும்போதும் தீபாவளிக்கு முன் சுத்தம் செய்யும்போதும் அவைதாம் முதலில் காராங்குனிக்காரரிடம் போகின்றன. ஜூரோங்கின் தங்கும் விடுதிகளில் இன்று வாழும் தமிழ்நாட்டு ஊழியர்களின் காலணியைப் பற்றி இப்போதே யார் யோசிக்கிறார்கள்?

வீட்டிலேயே செய்யக்கூடியது அதிகம். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பூஞ்சைதான் முதல் எதிரி. பழைய பொருள்களைக் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியிலோ இறுக மூடிய பிளாஸ்டிக் பையிலோ வைக்கவேண்டாம். பட்டை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடிப்பது நம் பாட்டிகள் செய்ததுதான். அந்துருண்டை துணியை நேரடியாகத் தொடக்கூடாது. கடிதத்தையும் பழைய கடப்பிதழையும் லேமினேட் செய்யக்கூடாது. ஒருமுறை ஒட்டினால் பிரிக்கமுடியாது, வெப்பமும் தாளைக் கெடுக்கும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களில் உள்ள படங்கள் பசையால் மஞ்சளாகிவிடும். வரும்போது எடுக்கலாம்; வராவிட்டால் இழுக்காமல் பக்கத்தோடு நகல் எடுத்து வைக்கலாம்.

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுவது எல்லாவற்றிலும் எளிது, அதையே எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார், பின்னால் தெரிவது எந்தத் தோட்டத்து லயம், எந்தப் பட்டறையின் வாசல் என்பது பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் அரும்பொருளகம் ஏற்றுக்கொள்ளாது. அதே வகைப் பொருள் ஏற்கெனவே இருக்கலாம், இடமும் ஆளும் போதாமல் இருக்கலாம். அப்படித் திருப்பி அனுப்பினால் பொருளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எழுதிய பெயர்களோடும் கதையோடும் வீட்டு அலமாரியிலேயே அதற்கு ஓர் இடம் கொடுக்கலாம்.