ஒன்பது தானியங்களும் ஒரு பேரனும்

நவராத்திரிக்கு முந்தைய வாரம். காவிரிக்கரை ஊர் ஒன்றில் உள்ள அந்த வீட்டில், கொலுப்படிகளைப் பற்றிய பேச்சைவிடப் பேரனின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றிய பேச்சே அதிகமாக இருந்தது. ஆறு வயதுச் சிறுவன். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், கடையில் தொங்கும் மசாலா சிப்ஸ் பொட்டலம் ஆகியவை தவிர வேறெதையும் அவன் நாக்கு ஏற்பதில்லை. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று கூறி இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர், “மருந்து சில மாதங்களுக்குத்தான். அதன் பிறகு சாப்பாடுதான் காப்பாற்ற வேண்டும்” என்று சொல்லி அனுப்பினார். வேலைக்குச் செல்லும் மருமகள் வீட்டில் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து திரும்பும் பேரனுக்கு நாள்தோறும் அந்தப் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்து வந்தவர் பாட்டி. மருமகளின் மௌனம் அவருக்கு உறைத்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். வறுமை ஒரு காரணம்தான். ஆனால் வசதியுள்ள வீடுகளிலும் சோர்ந்த முகத்துடன் குழந்தைகள் இருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் அலுவலகம் சென்றுவிட, பகல் முழுவதும் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கும் வீடுகள் இன்று ஏராளம். அழும் குழந்தையை அமைதிப்படுத்த ஒரு சாக்லேட், உண்ண மறுத்தால் இரண்டு பிஸ்கட், தாத்தாவின் டம்ளரிலிருந்து ஒரு வாய் காபி என்று செல்லம் கொடுத்தே வயிற்றை நிரப்பிவிடுகிறோம் என்பதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பாட்டிக்கு வழி காட்டியது கோயில்தான். வியாழக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு சிவாலயம் சென்றார். தட்சிணாமூர்த்தி சந்நிதியில் சாத்தியிருந்த கொண்டைக்கடலை மாலையைக் கண்டு, “இது எதற்குப் பாட்டி?” என்று கேட்டான் சிறுவன். குரு பகவானுக்கு உரிய தானியம் அது என்று சொன்னவர், நவக்கிரகங்களைச் சுற்றும்போது மற்றவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, சுக்கிரனுக்கு மொச்சை, சனி பகவானுக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. பெரியவர்கள் பலருக்கு மனப்பாடமான செய்திதான் இது. பையனுக்கு முற்றிலும் புதிது. “இதெல்லாம் நம் வீட்டில் இருக்கிறதா?” என்று கேட்டான். அன்று மாலை சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். கோதுமை மாவாக இருந்தது. கொள்ளு இல்லை. மற்றவை இருந்தன.

ஒரு குழந்தைக்கு உணவைப் பற்றிச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடநூல் வேண்டியதில்லை. இந்த ஒன்பதில் பருப்பு வகைகளே ஆறு. காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும், கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 19 கிராமும் உள்ளன. இரும்புச்சத்தும் உண்டு. ஆயினும் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் ஏற்கும் அளவு கூடுகிறது. உணவோடு சேர்த்துக் காபி, தேநீர் அருந்தினால் குறைகிறது. சுண்டலை இறக்கியதும் எலுமிச்சை பிழியும் வழக்கம் சுவைக்காக ஏற்பட்டதாகவே இருக்கலாம். பலன் அதற்கும் மேலே செல்கிறது.

நவராத்திரியின் ஒன்பது நாளும் நைவேத்தியம் தயாரிக்கும் பொறுப்பில் பேரனுக்கும் பங்கு உண்டு என்று பாட்டி அறிவித்தார். முழங்கால் வலியால் வெகுநேரம் அடுப்படியில் நிற்க முடியாதவர் அவர். ஆகவே கூடத்தில் பாய் விரித்து, முறமும் பாத்திரங்களும் அங்கேயே வந்தன. மருமகளிடம் முன்னதாகவே சொல்லி, சமையலறையை ஒழுங்குபடுத்தும் வேலை அவர் தலையில் விழாதபடி பார்த்துக்கொண்டார். இந்தச் சிறு முன்யோசனை இல்லாததால்தான் பல வீடுகளில் இம்முயற்சி இரண்டாம் நாளே நின்றுவிடுகிறது.

ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று உறவினர் ஒருவர் கேட்டார். “பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர்கள் யார்?” என்று தாத்தா திருப்பிக் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் நாள் இரவு செய்த வேலை, கொண்டைக்கடலையைக் கழுவி ஊறவைப்பது மட்டுமே. காலையில் எழுந்த சிறுவன், பல் துலக்குமுன் பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். கால் பாத்திரம் இருந்த கடலை அரைப் பாத்திரமாகியிருந்தது. “யார் பாட்டி இன்னும் போட்டது?” என்றான். தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது என்று விளக்கியபோது, ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தான். எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் ஊறிய கடலையே நன்றாக வெந்து குழந்தையின் வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லையும் குறையும். பச்சைப்பயறுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அதில் ஒரு கைப்பிடியைப் பாட்டி ஈரத்துணியில் கட்டி வைத்தார். மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், பையன் தெருப் பிள்ளைகளை எல்லாம் அழைத்து வந்து காட்டினான்.

குழந்தையின் வயதறிந்தே வேலை தர வேண்டும். மூன்று வயதுக் குழந்தை கறிவேப்பிலையை உருவித் தரும், காய்களைத் தண்ணீரில் அலசித் தரும். ஐந்தாறு வயதில் கல் பொறுக்கலாம், தேங்காய்த் துருவலை அளந்து போடலாம், வாழையிலையைத் துடைக்கலாம், மாவைப் பிசைந்து கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யலாம். அது கோணலாக வந்தாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எட்டு வயதுக்குமேல் எலுமிச்சை பிழிதல், பெரியவர் அருகிலிருக்கக் காய் நறுக்குதல் ஆகியவற்றைப் பழக்கலாம். அரிவாள்மனையும் குக்கரும் கொதிக்கும் எண்ணெயும் பெரியவர்களின் பொறுப்பு. கடுகு வெடிக்கும்போது சிறுவர் இரண்டடி தள்ளியே நிற்க வேண்டும். மற்றோர் எச்சரிக்கை மிக முக்கியமானது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையையோ வேர்க்கடலையையோ தரக்கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். நன்றாக மசித்துத்தான் தர வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பஞ்சாமிர்தமானாலும் தேன் கலந்தது ஆகாது. பிரசாதம்தானே என்று ஒரு துளியை நாக்கில் வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்ற வீட்டு விதி, எதிர்பாராத வகையில் துணை செய்தது. ருசி பார்க்க முடியாததால் உப்பைக் கரண்டியால் அளந்தே போட வேண்டியிருந்தது. முதல் நாள் குறைந்தது. இரண்டாம் நாள் கூடிவிட்டது. தன் கையால் போட்ட உப்பு என்பதால் பையன் முகம் சுருங்கினாலும் சாப்பிட்டு முடித்தான். மூன்றாம் நாள் முதல், ஓர் ஆழாக்கு பயறுக்கு இத்தனை உப்பு என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினான். தாளிப்பின் மணம் வீடெங்கும் பரவியிருக்க, தீபாராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த குழந்தைக்குப் பசி வந்துவிடுகிறது. மாலையில் பொட்டலம் கேட்கும் நேரமும் அதுவே.

தன் கைபட்ட உணவைக் குழந்தை விரும்பி உண்ணும் என்பதை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள 47 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டு, 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெற்றோருடன் சேர்ந்து சமைத்த குழந்தைகள், பெற்றோர் மட்டும் சமைத்துத் தந்ததை உண்ட குழந்தைகளைவிட ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடுதலாகப் பச்சைக்காய் சாலட் சாப்பிட்டனர். சிறிய ஆய்வுதான். ஆனால் நம் பாட்டிகள் அறிந்ததற்கு மாறாக அது எதையும் சொல்லவில்லை. புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்பதற்குப் பத்துப் பதினைந்து முறை கூடச் சுவைக்க நேரலாம் என்றும் குழந்தை உணவு வல்லுநர்கள் கூறுகிறார்கள். இரண்டு முறை துப்பியவுடன் “இவனுக்கு இது பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுவது பெரியவர்களின் அவசரமே.

அந்த வீட்டிலும் அதிசயம் ஏதும் நடந்துவிடவில்லை. மொச்சையை அவன் ஒன்றுக்கு மேல் தொடவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த கொள்ளு நாய்க்குப் போகட்டும் என்றான். கோதுமையைச் சுண்டலாக்க முடியாது என்பதால் ஞாயிறன்று வெல்லம் கரைத்த கோதுமை அப்பம் செய்தார்கள். கேட்க வேண்டுமா, நான்கு தின்றான். இனிப்பு எப்போதும் எளிதில் வென்றுவிடும். வெல்லமும் சர்க்கரைதான், அதில் உடலுக்குத் தீங்கில்லை என்று எண்ணி அள்ளிப் போடுவது தவறு. அப்பத்துக்குரிய வெல்லத்தில் கால் பங்கைப் பாட்டி குறைத்தது யாருக்கும் தெரியவில்லை. நீரிழிவு உள்ள தாத்தாவுக்கு மட்டும் தெரிந்தது. அவருக்கு அரை அப்பம்தான் கிடைத்தது.

விஜயதசமிக்கு மறுநாள் கொலு இறக்கப்பட்டது. பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த பாட்டி, பள்ளிவிட்டு வந்த பேரன் கடைப்பக்கம் இழுக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தே இருந்தார். அவன் கேட்கவும் செய்தான். “இன்றைக்கு வேண்டாம் கண்ணா, அவல் இருக்கிறது, தேங்காய் போட்டுப் பிசையலாம்” என்றார். சற்று நேரம் முரண்டு பிடித்தான். பிறகு வந்து தேங்காய்த் துருவலை அளந்தான்.

மறுவாரம் புதன்கிழமை இரவு, படுக்கப்போன சிறுவன் எழுந்து வந்து, “நாளை வியாழன்” என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தான். ஓர் ஆழாக்கு கொண்டைக்கடலையைப் பாத்திரத்தில் கொட்டி, இரண்டு முறை கழுவி, தண்ணீர் ஊற்றி மூடினான். தரையில் சிந்திய தண்ணீரை மருமகள் துடைத்தார்.