பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா? காத்திருக்க வேண்டாம், தமிழையும் நிறுத்த வேண்டாம்

"ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்ற சமாதானங்கள் நம் வீடுகளில் சகஜம். சில பிள்ளைகள் தாமாகவே பேசிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால், எந்தப் பிள்ளை பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே கணிக்க முடியாது. அதைக் கண்டறிபவர்தான் பேச்சு, மொழி சிகிச்சையாளர். மலேசியாவில் இத்துறைக்கான பட்டப்படிப்பை 1995இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் முதன்முதலில் தொடங்கியது.

பேச்சு வேறு, மொழி வேறு. ஒலிகளைத் தெளிவாக உச்சரிப்பது பேச்சு. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும், நினைப்பதைச் சொற்களாக்குவதும் மொழி. ஆறு வயதிலும் 'சோறு' என்பதைத் 'தோறு' என்று சொல்லும் பிள்ளைக்கு இருப்பது பேச்சுச் சிக்கலாக இருக்கலாம். மூன்று வயதில், "சப்பாத்தை எடுத்து வா" என்றால் விழிக்கும் பிள்ளைக்கு இருப்பது மொழிச் சிக்கலாக இருக்கலாம்.

எப்போது கவனிக்க வேண்டும்?

ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரு சொல் தொடர்களும் வர வேண்டும். மூன்று வயதில் சிறு வாக்கியங்கள் பேச வேண்டும். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பேசிய சொற்களை இழப்பது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வந்துவிடாது, காலம்தான் வீணாகும்.

முதலில் பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு செல்லுங்கள். செவித்திறன் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வருவதும் தாமதமாகலாம். தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தனியார் சிகிச்சையாளரை நாடுவோர், அவர் 2016ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தமிழா காரணம்?

"வீட்டில் தமிழ், வெளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். அதனால்தான் பிள்ளை குழம்புகிறது" என்று சொல்லி, சில பெற்றோர் தமிழை நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. பல மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. உண்மையான குறைபாடு என்றால், அது பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். தமிழில் 20, மலாயில் 10 என்றால், சொற்களை மொத்தமாகவே எண்ண வேண்டும். பாட்டிக்குத் தெரிந்தது தமிழ் மட்டுமே என்றால், தமிழை நிறுத்தும்போது பிள்ளையோடு அதிகம் பேசக்கூடிய ஒருவரையே வாயடைக்கிறோம்.

எல்லாச் சிகிச்சையாளரும் தமிழ் அறிந்தவர்கள் அல்லர். பிள்ளை சொல்லும் தமிழ்ச் சொற்களைப் பட்டியலிட்டு, வீட்டில் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள். அங்கு கற்றுத்தரும் பயிற்சியைக் குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் தமிழிலேயே தொடருங்கள்.

பெரியவர்களுக்கும் உண்டு

பக்கவாதத்திற்குப் பிறகு பலருக்குச் சொல் வருவதில்லை. அறிவு மங்கிவிட்டது என்று எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது நடக்கிறது. அவருக்குப் புரிந்துகொண்டிருக்கலாம். சுருக்கமாகக் கேளுங்கள், 'ஆமாம், இல்லை' என்று பதிலளிக்கும் கேள்வியாகக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; அதன் பிறகும் பயிற்சி பயன் தரும்.

தண்ணீர் குடித்ததும் இருமல் வருகிறதா? விழுங்கும் சிக்கலாக இருக்கலாம். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் ஆபத்து உண்டு. இதையும் பரிசோதிப்பவர் பேச்சு சிகிச்சையாளரே.

வாய் கோணி, பேச்சு திடீரெனக் குழறினால் மட்டும் எந்தச் சந்திப்புத் தேதிக்கும் காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.