காலியாகக் கிடந்த ஒன்பதாம் சேனல்

1998 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. தொலைக்காட்சி நிலையம் தன் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அதற்கென அரசு ஒதுக்கியிருந்தது ஒன்பதாம் சேனல். அதே நேரத்தில், அதே ஊரின் பேய்லர் மருத்துவமனையில் இதய நோயாளிகளின் மார்பிலிருந்து கம்பியில்லாமல் செவிலியர் மேசைக்கு வந்துகொண்டிருந்த ஈசிஜி கோடுகள் தடைபட்டன. கருவிகளில் பழுதேதும் இல்லை. அவையும் ஒன்பதாம் சேனலில்தான் இயங்கிக்கொண்டிருந்தன. ஊரில் எந்த நிலையமும் பயன்படுத்தாத சேனல்களில் மருத்துவமனைகள் உரிமம் இல்லாமலே சமிக்ஞை அனுப்பலாம் என்று விதி அனுமதித்திருந்தது. உரிமைக்காரர் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. நல்லவேளையாக எந்த நோயாளிக்கும் தீங்கு நேரவில்லை. நிலையம் சோதனையை நிறுத்திக்கொள்ள, மருத்துவமனை தன் கருவிகளை வேறு அலைவரிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அன்று அந்த ஒன்பதாம் சேனல் செய்த வேலையை இன்று பல மருத்துவமனைகளில் வைஃபை செய்கிறது. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை யாருக்கும் சொந்தமில்லை. ப்ளூடூத்தும் அங்கேதான், கேன்டீனில் சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள் என்று எண்ணினால் அதில் மூன்றுதான் தேறும். நோயாளியின் மானிட்டர், மருத்துவரின் டேப்லெட், மருந்து ஏற்றும் பம்ப், வராண்டாவில் காத்திருக்கும் உறவினரின் செல்போன் எல்லாம் இதே பொதுவழியில் போய்வருகின்றன. ஆகவே மருத்துவமனையின் வைஃபையை இணைய வசதி என்ற கணக்கில் வாங்குவது தவறு என்பது என் வாதம். நோயாளியின் படுக்கைக்கும் செவிலியரின் காதுக்கும் நடுவே நிற்கும் மருத்துவக் கருவி அது. சுவரில் ஓடும் ஆக்சிஜன் குழாயைப் பற்றி என்னென்ன கேட்போமோ, அத்தனையும் இதைப் பற்றியும் கேட்க வேண்டும்.

வேகமான இணைப்பு ஒன்றை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈசிஜி கருவி ஒரு விநாடியில் 500 முறை இதயத்தின் மின்னழுத்தத்தை அளக்கிறது, ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோட்டுக்கு விநாடிக்கு 8,000 பிட் ஆகிறது. மூன்று கோடுகள் என்றால் 24,000. முப்பது நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு முழுவதற்கும் 7,20,000 பிட். உறவினர் ஒருவர் செல்போனில் தெளிவான படம் பார்க்கும்போது இதைப்போலப் பல மடங்கு செலவாகிறது. அதாவது மானிட்டருக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. அதன் தேவை, அனுப்பியது போய்ச் சேரும் என்ற நிச்சயம். வைஃபையின் இயல்பில் அந்த நிச்சயம்தான் குறைவு. ஒரு கருவி பேசும் முன் காதுகொடுத்துக் கேட்கிறது; வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கிறது; இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இருவரும் விலகி, ஆளுக்கொரு இடைவெளி விட்டு மறுபடி முயல்கிறார்கள். மின்னஞ்சலுக்கு இந்த நாகரிகம் போதும், அரை நிமிடம் தாமதமானாலும் ஒன்றும் ஆகிவிடாது. இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது.

கட்டடமும் எதிராகவே நிற்கிறது. எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயத்தகடு பதித்திருப்பார்கள். எம்ஆர்ஐ அறையைச் சுற்றி ரேடியோ அலை புகாதபடி உலோகக் கூண்டு இருக்கும். லிஃப்ட் ஓர் இரும்புப் பெட்டி. படுக்கையில் கிடக்கும்வரை நன்றாகச் சேர்ந்துகொண்டிருந்த சமிக்ஞை, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்லும்போது வைஃபை தரும் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கைமாறும் அந்த நொடியில்தான் தொடர்பு அறுகிறது. அறுந்தால் என்ன, மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று கத்துமே என்பார்கள். அந்தக் கத்தலே இன்னோர் ஆபத்து. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று குறிப்பிட்டது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அதன் பதிவுக்கு வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருந்தார்கள். ஓயாமல் ஒலிக்கும் மணிக்குக் காது பழகிவிடுகிறது, செவிலியரைக் குறை சொல்ல அதில் எதுவுமில்லை. ஒழுங்காக அமைக்காத வைஃபை அறுந்து அறுந்து ஒட்டும்போது, அந்த இரைச்சலில் தன் பங்கையும் சேர்க்கிறது.

மருத்துவத்துக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கிவிட்டால் என்ன? டாலஸ் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்கா அதைத்தான் செய்தது. 2000-ஆம் ஆண்டு 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையையும், 1,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இரண்டு துண்டுகளையும் மருத்துவத் தொலையளவீட்டுக்குக் கொடுத்தது. 608–614 என்பது அங்கே 37-ஆம் சேனல்; விண்ணிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் வானியலாளர்களுக்காக 1960களிலிருந்தே தொலைக்காட்சிக்குத் தராமல் வைத்திருந்த இடம். வானியலாளரும் இதய நோயாளியும் ஒரே அமைதியைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வழி நல்லதுதான், ஆனால் ஒடுக்கமானது. 37-ஆம் சேனலில் மொத்தமே ஆறு மெகாஹெர்ட்ஸ். அந்த ஒதுக்கீடு நாட்டு எல்லையைத் தாண்டாது. அதற்கேற்ற கருவிகளைச் செய்வோரும் சிலரே. சுற்றுப்புறமும் நிலையாக இல்லை. 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையைச் செல்போன் நிறுவனங்களுக்கு ஏலம்விட்ட பிறகு, 617-லிருந்து அவர்களின் கோபுரங்கள் பேசுகின்றன. நடுவே இருப்பது மூன்று மெகாஹெர்ட்ஸ் இடைவெளி மட்டுமே. வேலியால் அண்டை வீட்டுச் சத்தத்தை முழுக்கத் தடுத்துவிட முடியாது. தனி அலைவரிசை கிடைத்தாலும் அதை அளந்து, காத்து, பராமரிக்கும் ஆள் தேவை. பேய்லர் சம்பவம் காட்டுவதும் அதைத்தான்: சேனல் காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அது யாருக்கு உரியது என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் கம்பிக்கே திரும்பிவிடலாமா? தீவிர சிகிச்சைப் பிரிவில், அசைய முடியாத நோயாளிக்குக் கம்பியே மேல், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நோயாளி எழுந்து நடக்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் கம்பியில்லாக் கண்காணிப்பே பிறந்தது. 1940களின் இறுதியில் விஞ்ஞானி நார்மன் ஹோல்ட்டர் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பிக் காட்டியபோது, அந்தக் கருவி சுமார் 38 கிலோ எடையில் முதுகில் சுமக்கும் மூட்டையாக இருந்தது. அவ்வளவு சுமையையும் தாங்கியாவது மனிதன் நடமாடும்போது இதயம் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளியைச் சீக்கிரம் நடக்கவிடுவது இன்று சிகிச்சையின் ஒரு பகுதி. அவரை மறுபடி கட்டிலோடு கட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. உறவினர்களின் செல்போனைத் தடைசெய்யும் யோசனையும் எனக்கு ஏற்புடையதல்ல. வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்கு வீட்டோடு பேச அதுதான் வழி. 2005-ல் வந்த 802.11இ என்ற வைஃபை விதிப்படி குரலுக்கும் அவசரத் தகவலுக்கும் வரிசையில் முன்னுரிமை தரலாம். விருந்தினர் இணைப்பைத் தனிப்பாதையாகப் பிரித்து, அது எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வரம்பு வைக்கலாம். நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு மானிட்டர்களை நகர்த்தலாம். தொடர்பு அறுந்தாலும் நோயாளி அணிந்திருக்கும் கருவி தானே சேமித்து, தானே அலாரம் கொடுக்கும்படி கேட்டு வாங்கலாம்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மருத்துவக் கருவிகள் இணைந்த கணினி வலையின் அபாயங்களை யார் பொறுப்பேற்று நிர்வகிக்க வேண்டும் என்பதற்கு ஐஇசி 80001 என்ற சர்வதேச நெறியே 2010-ல் வந்துவிட்டது. கருவியை விற்றவர் வலையைக் குறை சொல்வார், வலை அமைத்தவர் கருவியைக் கை காட்டுவார். இருவருக்கும் நடுவே மருத்துவமனைதான் பொறுப்பு என்கிறது அந்த நெறி. சிறிய மருத்துவமனைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாப் படுக்கைக்கும் கட்டுப்படியாகாவிட்டால், ஒழுங்காக அமைக்க முடிந்த பத்துப் படுக்கைகளுக்கு மட்டும் கம்பியில்லா மானிட்டர் வைக்கட்டும், மற்றவை கம்பியிலேயே இருக்கட்டும். முதல் சோதனைக்குச் செலவே இல்லை. மருத்துவமனை நிர்வாகிகளே, நோயாளி யாரையும் இணைக்காத ஒரு மானிட்டரை ஓடவிட்டு, அதற்கு அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்ட்டை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். செவிலியர் மேசைக்கு அது தெரியவர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணி, அந்த எண்ணை வார்டு சுவரில் எழுதி ஒட்டுங்கள்.