குண்டம் இறங்கும் கால்களும் மனசும்

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு முதல் நாளே வரிசை கட்டிவிடுகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று கொங்குச் சீமை முழுவதிலிருந்தும் வரும் கூட்டம். கையில் வேப்பிலை, இடுப்பில் மஞ்சள் துணி. எரிகரும்பு என்னும் விறகு எரிந்து கனன்றிருக்கும் கங்கின் மேல் சில நொடி நடை. மனசு சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது என்பார்கள்.

நெருப்பு சுடாதது ஏன்?

பெரும்பாலும் அது கங்கின் குணம். கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பாதமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தடுமாறி விழுகிறவருக்குத் தோல் வெந்துபோகிறது. அவரைப் பார்த்து 'விரதத்தில் ஏதோ குறை' என்று பேசுவது கொடுமை.

மனசு தொடும் இடங்கள்

அதற்காக மனசுக்கு அங்கே வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்திலும் தீ மிதிக்கிறார்கள். மிதித்தவர்களின் இதயத் துடிப்பையும் பார்த்து நின்றவர்களின் துடிப்பையும் அளந்த ஆய்வு 2011இல் வெளியானது. உறவினர்களின் துடிப்பு, தீயில் நடந்தவரின் துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வெறுமனே வேடிக்கை பார்த்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. மகன் குண்டம் இறங்கும்போது வேலிக்கு வெளியே நிற்கும் தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்வதும் இப்படித்தான் இருக்கும்.

வலியிலும் இதைப் பார்க்கலாம். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி போட்டும் சிலருக்கு வலி தணிந்தது. நம்பிக்கையால் உடம்பே வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் வலி மீண்டும் கூடியது.

கவலை எதிர்த்திசையில் இழுக்கும். அமெரிக்காவின் ஒஹையோவில், மறதிநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 13 பெண்களின் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் செய்து கவனித்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலானது. 1995இல் வந்த ஆய்வு இது. படுத்த படுக்கையான மாமியாரைக் கவனித்துக்கொண்டே தறி ஓட்டும் சோமனூர்ப் பெண்ணின் உடம்பும் அப்படித்தானே தேயும்? அவருக்கு ராத்திரித் தூக்கமும், மாற்றி விட ஓர் ஆளும் மருந்துக்குச் சமம். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

சர்க்கரை உள்ளவர்கள்

நம்பிக்கை சர்க்கரையைக் குறைக்காது. விரதத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும், சுட்டாலும் தெரியாது, புண்ணும் எளிதில் ஆறாது. அப்படிப்பட்டவர்கள் குண்டம் இறங்க வேண்டாம். மீறி இறங்கிவிட்டால் அன்றைக்கே உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.