விறகின் கணக்கு

என் இளமைக் காலத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு விறகுத் தொட்டி இருந்தது. சவுக்குக் கட்டைகளைப் பெரிய தராசில் ஏற்றி நிறுத்துத் தருவார்கள். ஈரக்கட்டை வேண்டாம், காய்ந்ததாகப் பார்த்து வாங்கி வா என்று என் அன்னையார் சொல்லி அனுப்புவார். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும் என்னும் பௌதிக உண்மையை நான் முதலிற் கற்றது அடுப்படியில்தான்.

அந்தச் சவுக்கு காட்டில் வெட்டியதன்று. மணற்பாங்கான நிலத்தில் நட்டுச் சில ஆண்டுகளில் வெட்டும் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களும் விறகை எரித்து ஓடியபோது, அதற்கெனவே சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகளை வளர்த்தனர். நட்டு வளர்த்த பயிர் வேறு, தானே தழைத்த காடு வேறு. மாணவர்களே, இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு, கடல் கடந்த ஓரிடத்திற்கு என்னுடன் வாருங்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டிராக்ஸ் என்னும் பெரிய மின் நிலையம் உள்ளது. நிலக்கரிக்கென்று கட்டப்பட்டது. 2013 முதல் 2018 வரை அதன் ஆறு இயந்திரப் பிரிவுகளில் நான்கு, மரத்தை எரிக்குமாறு மாற்றப்பட்டன. மரத்தை உலர்த்தி, பொடியாக்கி, சிறு குச்சிகளாக அழுத்திக் கப்பலில் கொண்டு வருகிறார்கள். பெரும்பகுதி வருவது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும்.

மர அறுவை ஆலைகளின் கழிவே இதற்குப் பயன்படுகிறது என்பது இத்தொழிலாரின் வாதம். ஓரளவு உண்மைதான். ஆயினும் முழு மரங்களும் இந்த ஆலைகளுக்குப் போகின்றன. வட கரோலினாவில் ஆற்றோரச் சதுப்புக் காடுகளின் மரங்களும் இவ்வாறு சென்றிருக்கின்றன. வெள்ளத்தைத் தாங்கி, நீரைத் தெளிவித்து, பறவைகளுக்குப் புகலிடமான காடுகள் அவை.

"மரம் மீண்டும் வளருமே ஐயா, தீங்கு என்ன?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வளரும், ஆனால் எப்போது? ஒரே அளவு வெப்பத்திற்கு மரம் நிலக்கரியைவிடச் சற்று அதிகமாகவே கரியமில வாயுவை வெளியிடுகிறது. என் வயதுள்ள மரம் அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த கரி சில நிமிடங்களில் வானேறிவிடும். அதைத் திரும்ப ஈர்க்க இன்னோர் அறுபது ஆண்டு வேண்டும். அதுவரை வாயு வெப்பத்தைச் சிறைப்படுத்திக்கொண்டே இருக்கும்.

இதிலே கணக்கெழுதும் முறையும் விந்தையானது. மரம் வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில் இழப்பு எழுதப்படுகிறது. எரிக்கும் நாட்டின் மின்சாரக் கணக்கில் சுழி. அந்தச் சுழியைக் காட்டியே அரசின் உதவித்தொகையும் கிடைக்கிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இப்படியொரு வரவு செலவை எழுதியிருந்தால் தணிக்கையாளர் என்னை விட்டிருக்க மாட்டார்!

2021இல் 500க்கும் மேற்பட்ட அறிவியலறிஞர்கள், மின்சாரத்திற்காகக் காட்டு மரங்களை எரிக்க வேண்டாம் என்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், தென்கொரியத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர். 2024இல், எரித்த மரத்தின் விவரங்களைச் சரிவரக் காட்டாததற்காக டிராக்ஸ் 2.5 கோடி பவுன் செலுத்த இசைந்தது. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு, 2027க்குப் பின் நிலையம் இயங்கும் அளவைக் குறைக்க முடிவு செய்தது. உதவித்தொகையை மட்டும் 2031 வரை நீட்டித்தது.