நடுக்கடலில் ஒரு கை விளக்கு

திருவையாற்றுக்குப் பெயரிலேயே ஐந்து ஆறுகள் உண்டு, சமுத்திரம் கிடையாது. ஆயினும் அவ்வூரில் வாழ்ந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் ஓடத்தை வைத்தே 'நௌகா சரித்திரம்' என்னும் இசை நாடகத்தை இயற்றினார். யமுனையில் புயலில் சிக்கிய கோபிகைகளைக் கண்ணன் காப்பாற்றுகிறான். திருவையாற்றைத் தொட்டுச் செல்லும் காவிரியோடு கிழக்கே போனால் பூம்புகாரில் கடல் வந்துவிடுகிறது. அங்கே இரவில் வலை வீசப் போகிறவர்களுக்குக் கண்ணனுடைய கருணையோடு ஒரு விளக்கும் அவசியமாயிருக்கிறது.

இருட்டில் கப்பலின் உருவம் தெரியாது. விளக்குகளே அதன் பாஷை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே முன்னோக்கி ஒரு வெள்ளை, பின்புறம் ஒரு வெள்ளை. பச்சை மட்டும் தெரிந்தால் கப்பல் தன் வலப்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பச்சையும் சிவப்பும் ஒருங்கே தெரிந்தாலோ, அது நேரே நம் மீதே வருகிறது!

1972-ல் வகுக்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்த சர்வதேச விதிகள் விசித்திரமான கலங்களையும் மறக்கவில்லை. தன் வசமிழந்து தவிக்கும் கப்பல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை ஏற்ற வேண்டும். இழுவலை போடும் படகுக்குப் பச்சையும் அதன் கீழே வெள்ளையும். வேறு வலை போடுவதற்குச் சிவப்பும் அதன் கீழே வெள்ளையும். காற்று மெத்தை மேல் பாயும் கலத்துக்கு மின்னி மறையும் மஞ்சள் விளக்கு. நீரில் இறங்கிய ஆகாய விமானங்கூட இயன்றவரை கப்பலைப் போலவே விளக்கேற்ற வேண்டுமாம்!

ஆகாய விமானத்துக்கே இடமிருக்கும்போது நம் கட்டுமரத்துக்கு? மேல்நாட்டார் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். அசல் கட்டுமரமோ கயிற்றால் பிணைத்த சில மரங்கள்தான். அலை அதன்மேல் ஏறி இறங்கும். அதில் சிவப்பையும் பச்சையையும் எங்கே மாட்டுவது?

இந்த விஷயத்தில் சட்டம் நியாயமாகவே பேசுகிறது. துடுப்புப் போடும் கலமோ, 7 மீட்டருக்குக் குறைந்த பாய்க் கலமோ முறைப்படி விளக்கேற்ற இயலாவிட்டால், வெள்ளை ஒளி தரும் டார்ச்சையோ ஏற்றிய லாந்தரையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய அவகாசத்தோடு காட்ட வேண்டும்.

உயிர் அந்த 'அவகாச'த்தில்தான் இருக்கிறது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை, அதாவது 1,852 மீட்டரை, நான்கே நிமிஷத்தில் கடந்துவிடும். பெரிய கப்பலின் மேல்தட்டில் நிற்பவருக்கு முகப்புக்கு எதிரே 500 மீட்டர் வரையில் கடல் மறைந்திருப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. கப்பல் அருகில் வந்த பிறகு டார்ச்சைத் தேடி எடுத்து என்ன பயன்?

இன்னொரு சங்கதி. 2004 சுனாமிக்குப் பின் இக்கரையில் மோட்டார் பூட்டிய பைபர் படகுகள் பெருகின. மோட்டார் ஓடும்போது கை விளக்குச் சலுகை இல்லை. 12 மீட்டருக்குட்பட்ட படகானாலும் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும் இருபக்க விளக்குகளும் எரிய வேண்டும். நீளம் 7 மீட்டருக்குள், வேகம் 7 கடல் மைலுக்குள் என்றால் மட்டும் வெள்ளை விளக்கு போதும். பக்க விளக்குகள் முடிந்தவரை. அழகுக்காக வேறு பல வர்ண விளக்குகளைத் தொங்கவிட்டால் மேற்சொன்ன பாஷை உளறலாகிவிடும். அதையும் விதி தடுக்கிறது.

2021 ஏப்ரல் 13 அதிகாலையில் மங்களூருக்கு அப்பால் அரபிக் கடலில் 'ரபா' என்ற மீன்பிடி படகும் 'ஏ.பி.எல். லே ஹாவ்ர்' என்ற சரக்குக் கப்பலும் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழ்நாட்டவரும் உண்டு. உயிருடன் மீட்கப்பட்டவர்கள் இருவரே.

கண்ணாலும் காதாலும் இடைவிடாது காவல் இருக்க வேண்டும் என்ற விதி, சரக்குக் கப்பலுக்கும் கட்டுமரத்துக்கும் பொது. வலையை விரித்துவிட்டு எல்லோரும் கண்ணயரும் வேளையிலும் படகில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். டார்ச் நனையாமல் அவர் மடியில் இருக்க வேண்டும்.